நம்ம கேமரா கம்பெனி ஃபுல் ஃப்ரேம்ல இறங்கணுமா? நீங்களே கணக்குப் போட்டுப் பாக்குறது எப்படி

சின்ன சென்சார் (ஃபிலிமுக்குப் பதிலா படத்தப் பதியுற சிப்) கேமரா வச்சிருக்குற எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்த அரிப்பு வரும், நம்ம கம்பெனியும் ஒரு ஃபுல் ஃப்ரேம் பாடி, அதாவது பழைய ஃபிலிம் அளவுக்கு பெரிய சென்சார் வச்ச கேமரா, விட்டா என்ன, மெனு பழகியாச்சு, பட்டன் எங்க இருக்குனு கண்ண மூடிக்கிட்டே தெரியும், எதுக்கு இன்னொரு பிராண்டுக்குப் போய் மறுபடி ஆனா ஆவன்னாவுல இருந்து ஆரம்பிக்கணும்னு. அதே கேமரா வச்சிருக்குற இன்னொருத்தர், ஐயோ வேணாம், அது வந்தா நம்ம லைன அம்போன்னு விட்டுருவாங்கனு புலம்புவார். ரெண்டு பேர் சொல்றதுலயும் உண்மை இருக்கு. நான் ரெண்டு பக்கமும் நின்னு சண்டை போட்டவன், ஒரு தடவை ஆசைப்பட்டு ஃபுல் ஃப்ரேமுக்கு மாறி ஒன்றரை வருஷத்துல தோள்பட்டை வலியோட திரும்பி வந்தவன். எல்லாரும் இத சென்சார் சண்டையாவே பேசுறாங்க, எனக்கு இது மவுன்ட் (லென்ஸ் மாட்டுற வளையம்) சண்டையாத்தான் தெரியுது. அந்த வளையத்துக்குள்ள பெரிய சென்சாருக்கு இடம் இருக்கா, இருந்தா பழைய ஆளுங்களுக்கும் தொடர்ந்து சோறு போடுவாங்களா, இந்த ரெண்டையும் பாத்துட்டா பாதி விடை வந்துடும். எப்படிப் பாக்குறதுனு சொல்றேன்.

முதல்ல அளவ அளந்துடுங்க

ஃபுல் ஃப்ரேம்னா 36 × 24 எம்எம், அதாவது 864 சதுர எம்எம். அத விட சின்ன அளவான ஏபிஎஸ்-சி நிக்கான், சோனி, ஃபூஜில எல்லாம் கிட்டத்தட்ட 23.5 × 15.6, கேனான்ல இன்னும் கொஞ்சம் சின்னது 22.3 × 14.9. ஒலிம்பஸ், பானசோனிக் கேமராவுல வந்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் அதையும் விட சின்னது, 17.3 × 13. பரப்பப் பெருக்கிப் பாத்தா ஃபுல் ஃப்ரேம் ஏபிஎஸ்-சிய விட சுமார் 2.4 மடங்கு, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ விட கிட்டத்தட்ட 4 மடங்கு. ஸ்டாப் கணக்குல (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) சொன்னா ஒண்ணேகால் ஸ்டாப், ரெண்டு ஸ்டாப். அவ்வளவுதான் விஷயம். ஒரே தலைமுறை சென்சார்னு வச்சுக்கிட்டா ஃபுல் ஃப்ரேம்ல ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 6400-ல வர்ற நாய்ஸ் (படத்துல தெரியுற புள்ளி புள்ளி) ஏபிஎஸ்-சில 2700 பக்கத்துலயும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்ல 1600 பக்கத்துலயும் வரும்னு தோராயமா சொல்லலாம். இதுக்கு மேல "ஃபுல் ஃப்ரேம் லுக்"னு ஒரு மந்திரம் எல்லாம் கிடையாது, அந்த லுக்குனு சொல்றதுல முக்கால்வாசி டெப்த் ஆஃப் ஃபீல்டுதான் (முன்னாடி பின்னாடி எவ்வளவு தூரம் தெளிவா இருக்குங்குறது), அதையும் கணக்குல கொண்டு வந்துடலாம்.

எஃப் நம்பர் குறையக் குறைய லென்ஸ் பெருசா திறக்கும்; ஏபிஎஸ்-சின்னா எம்எம், எஃப் ரெண்டையும் ஒன்றரையால பெருக்கணும், அப்போ ஏபிஎஸ்-சில 56 எம்எம் எஃப் 1.2 லென்ஸ் போட்டா ஃபுல் ஃப்ரேம்ல 84 எம்எம் எஃப் 1.8 போட்ட மாதிரி படம் வரும், ஃப்ரேமும் அதே, பின்னாடி மங்குறதும் அதே. இதுல வேடிக்கை என்னன்னா 85 எம்எம் எஃப் 1.8-ங்குறது ஃபுல் ஃப்ரேம் உலகத்துல மலிவான லென்ஸ் வரிசையில வரும், எஃப் 1.2-ங்குறது ஏபிஎஸ்-சில உச்சாணிக் கொம்பு. அதனால "சின்ன சென்சார்னா மலிவு, லேசு"னு கண்ண மூடிக்கிட்டு சொல்ல முடியாது, வெளிச்சத்தத் துரத்துறவங்களுக்கு சில சமயம் பெரிய சென்சார்தான் மலிவு. இன்னும் ஒரு படி போனா, ஃபுல் ஃப்ரேம்ல 50 எம்எம் எஃப் 1.4 தர்றத மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்ல எடுக்கணும்னா 25 எம்எம் எஃப் 0.7 வேணும், ஆட்டோஃபோகஸோட அப்படி ஒரு லென்ஸ் கிடையாது. ஃபுல் ஃப்ரேம் கேக்குறவங்களோட நியாயமான வாதம் இதுதான்னு நான் நினைக்கிறேன்.

மறுபக்கம் டெலிஃபோட்டோ, தூரத்துல இருக்குறத இழுத்துக் காட்டுற லென்ஸ். ஒலிம்பஸோட 300 எம்எம் எஃப் 4, ஸ்டாண்டுல மாட்டுற காலர் இல்லாம 1.27 கிலோ, கோணத்துல 600 எம்எம் மாதிரி. ஃபுல் ஃப்ரேம் 600 எம்எம் எஃப் 4 எடுத்தா 3 கிலோ சொச்சம். உடனே கைதட்டாதீங்க, வெளிச்சக் கணக்குல அந்த 300 எஃப் 4 ஒரு 600 எஃப் 8-க்குத்தான் சமம், கேனான் 2020-ல 600 எம்எம் எஃப் 11-னு ஒண்ண 930 கிராம்ல விட்டதையும் ஞாபகம் வச்சுக்கணும். ஆனாலும் பறவை, காடு, விளையாட்டுனு அலையுறவங்களுக்கு சின்ன சென்சார்ல ஒரு லாபம் இருக்கு, அந்த லாபம் ஃபுல் ஃப்ரேம் வந்தாலும் அழியாது.

ஒரு கொசுறு: இந்த 36 × 24 ஒண்ணும் வானத்துல இருந்து விழுந்த அளவு இல்ல. சினிமா ஃபிலிம்ல இருந்த 18 × 24 ஃப்ரேம ரெண்டு மடங்காக்கி ஓஸ்கர் பர்னாக் செஞ்ச சின்னக் கேமராதான் 1925-ல லைக்காவா விற்பனைக்கு வந்துச்சு, அப்ப அத மினியேச்சர் ஃபார்மட்னு சொன்னாங்க. இன்னைக்கு அதுதான் "ஃபுல்"லாம்.

அடுத்தது வளையம்

இந்த கைட்ல ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்குன்னா இத மட்டும் செய்ங்க. உங்க கேமராவோட மவுன்ட் உள் விட்டம் என்ன, மவுன்ட்ல இருந்து சென்சாருக்கு தூரம் என்ன, இந்த ரெண்டையும் ஸ்பெக் ஷீட்ல தேடி எழுதிக்கோங்க. ஃபுல் ஃப்ரேம் சென்சாரோட மூலைவிட்டம் 43.3 எம்எம். உங்க மவுன்ட் இத விட நல்லா பெருசா இருந்தா அந்த கம்பெனிக்கு கதவு திறந்திருக்கு, சின்னதா இருந்தா ஃபுல் ஃப்ரேம்னா புது மவுன்ட், புது மவுன்ட்னா புது லென்ஸ் எல்லாம் முதல்ல இருந்து, கிட்டத்தட்ட ஒரே போர்டு மாட்டுன ரெண்டு கம்பெனி.

சோனி 2010-ல நெக்ஸ் கேமராவோட ஈ மவுன்ட் கொண்டு வந்தப்போ அது ஏபிஎஸ்-சி மட்டும்தான், ஆனா உள் விட்டம் 46 எம்எம், தூரம் 18 எம்எம். அப்பவே யோசிச்சு வச்சாங்களோ அதிர்ஷ்டமோ, 2013-ல ஏ7 வந்தப்போ அதே வளையத்துக்குள்ள முழு சென்சாரும் உக்காந்துச்சு. நெக்ஸ் வச்சிருந்தவன் பழைய லென்ஸ ஏ7-ல மாட்டலாம், சென்சாரோட நடுப்பகுதி மட்டும் வெட்டுன 10 மெகாபிக்சல் கிராப்தான் வரும், ஆனா மாட்டலாம். ஏ7 லென்ஸ நெக்ஸ்லயும் மாட்டலாம். ஒவ்வொண்ணா மாறிக்கிட்டு வரலாம், ஒரே நாள்ல வீட்டக் காலி பண்ண வேணாம்.

கேனான் கதை நேர் எதிர். 2012-ல ஈஓஎஸ் எம் வந்துச்சு, ஏபிஎஸ்-சிக்குனே தனி மவுன்ட், தூரம் 18 எம்எம். 2018-ல ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் (உள்ள கண்ணாடி இல்லாத கேமரா)னு ஆர்எஃப் மவுன்ட் கொண்டு வந்தாங்க, உள் விட்டம் 54, தூரம் 20 எம்எம். ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் 2 எம்எம்தான், அதுக்குள்ள ஒரு அடாப்டர் நுழையாது, அதனால ஆர்எஃப் லென்ஸ் எம் பாடில ஏறாது. எம் லென்ஸ் ஆர் பாடில ஏறவே ஏறாது, ஏன்னா அதுக்கு சென்சார்கிட்ட இன்னும் பக்கத்துல போகணும். அந்த எம் வரிசையில 2020-க்கு அப்புறம் புது பாடி வரல. 2022 மே மாசம் ஆர்7, ஆர்10-னு ஏபிஎஸ்-சி பாடி ஆர்எஃப் மவுன்ட்லயே வந்தப்போ எம் லென்ஸ் சேத்து வச்சிருந்தவங்களுக்கு விஷயம் புரிஞ்சு போச்சு. அந்த வரிசையில எம்50 எவ்வளவு வித்த கேமரா தெரியுமா, அது இருந்தும் காப்பாத்தல. மவுன்ட் தனியா இருந்தா, கம்பெனி மனசு மாறுற அன்னைக்கு உங்க லென்ஸ் எல்லாம் அனாதைதான்.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸோட உள் விட்டம் சுமார் 38 எம்எம். 43.3 அதுக்குள்ள போகாது, விவாதம் முடிஞ்சுது. அதனாலதான் பானசோனிக் ஃபுல் ஃப்ரேமுக்குப் போறேன்னு முடிவு பண்ணப்போ லைக்காவோட எல் மவுன்ட்ல போய் சேந்துச்சு, 2018 செப்டம்பர்ல லைக்கா, பானசோனிக், சிக்மா மூணும் கை கோத்தாங்க. தனியா ஒரு மவுன்ட் கண்டுபிடிச்சு எல்லா லென்ஸையும் தானே செஞ்சு தலைய அடமானம் வைக்காம கூட்டு சேந்தது புத்திசாலித்தனம்னு நான் சொல்வேன், சிக்மா மட்டும் அங்க இல்லேன்னா எல் மவுன்ட் லென்ஸ் லிஸ்ட் இன்னைக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ள கண்ணாடி வச்ச கேமரா) கம்பெனிகளுக்கு இந்தத் தலைவலியே இல்ல, மவுன்ட் ஃபிலிம் காலத்துது, அளவு ஏற்கனவே 36 × 24-க்கு செஞ்சது. நிக்கான் எஃப் மவுன்ட் 1959, பென்டாக்ஸ் கே மவுன்ட் 1975. அவங்களுக்கு ஃபுல் ஃப்ரேம்ங்குறது பழைய வீட்டுக்குத் திரும்பிப் போறது மாதிரி.

கம்பெனி பக்கம் உக்காந்து பாருங்க

நமக்கு ஆசை, அவங்களுக்கு என்னனு ஒரு நிமிஷம் யோசிக்கணும். ஜப்பான் கேமரா தயாரிப்பாளர்கள் சங்கமான சிப்பா கணக்குப்படி 2010-ல உலகம் முழுக்க விற்பனைக்கு அனுப்புன டிஜிட்டல் கேமரா 12 கோடிக்கு மேல, 2020-ல 90 லட்சத்துக்கும் கீழ. போன் வந்து கீழ்த்தட்டு மொத்தத்தையும் தின்னுடுச்சு. எண்ணிக்கையில சம்பாதிக்க முடியாதப்போ ஒவ்வொரு கேமராலயும் கூட சம்பாதிக்கணும், அதுக்கு மேல ஏறியே ஆகணும், ஃபுல் ஃப்ரேம் அப்படி ஏறுற படி. 2018-ல ஆகஸ்ட்ல நிக்கான் இசட், செப்டம்பர்ல கேனான் ஆர், அதே செப்டம்பர்ல பானசோனிக் அறிவிப்புனு எல்லாரும் ஒரு மாச இடைவெளியில ஒரே வாசல்ல முண்டியடிச்சது தற்செயல் இல்ல.

ஆனா படி ஏற காசு வேணும். சிப் அச்சடிக்குற மெஷின் ஒரே அடியில போடக்கூடிய பரப்பு பொதுவா 26 × 33 எம்எம்தான், ஏபிஎஸ்-சி அதுக்குள்ள அடங்கிடும், 36 எம்எம் நீளம் அடங்காது, அதனால ஃபுல் ஃப்ரேம் சென்சார துண்டு துண்டா அடிச்சு ஒட்டணும். அதுல ஒரு பழுது வந்தா பெரிய துண்டா வீணாகும். இத ஏன் சொல்றேன்னா, "சென்சார் விலை இறங்கிடுச்சு, ஃபுல் ஃப்ரேம் சீக்கிரம் ஏபிஎஸ்-சி விலைக்கு வந்துடும், சின்ன சென்சாரே இருக்காது"னு பத்து வருஷமா ஒரு ஜோசியம் ஓடுது. விலை இறங்கினது நிஜம், ஆனா பெருசு எப்பவும் சின்னத விட கூடத்தான் இருக்கும், சின்னதுக்குன்னு ஒரு இடம் இருந்துக்கிட்டே இருக்கும்.

இப்ப முக்கியமான சோதனை: மூத்த தாரத்துப் பிள்ளைக்கு சாப்பாடு கிடைக்குதா

ஃபுல் ஃப்ரேம் வேணும்னு கேக்குறவங்க இத மட்டும் யோசிக்க மாட்டாங்க. மவுன்ட் ஒண்ணா இருந்தா எல்லாம் நல்லதுனு நினைப்பாங்க. மவுன்ட் ஒண்ணா இருந்தாலும் இன்ஜினியர் எண்ணிக்கை ஒண்ணுதானே. அவங்க எந்தப் பக்கம் உக்காந்திருக்காங்கனு எப்படித் தெரிஞ்சுக்குறது? தேதிய வச்சு.

ஒரு பேப்பர் எடுங்க. கம்பெனியோட சின்ன சென்சார் வரிசையில உச்சத்துல இருக்குற பாடி எது, அதுக்கு முந்தினது எப்ப வந்துச்சு, ரெண்டுக்கும் நடுவுல எத்தன வருஷம்னு எழுதுங்க. நிக்கான எடுத்துக்குவோம். 2007 ஆகஸ்ட்ல டி3-யும் டி300-ம் ஒரே நாள்ல வந்துச்சு, ஒண்ணு ஃபுல் ஃப்ரேம், ஒண்ணு கிராப் (ஏபிஎஸ்-சி), ரெண்டு பிள்ளைக்கும் ஒரே நாள்ல தீபாவளித் துணி மாதிரி. 2009-ல டி300எஸ். அப்புறம்? டி500 வர 2016 ஆச்சு. நடுவுல ஏழு வருஷம் அந்த ஆளுங்க "இந்த வருஷம் வந்துடும்"னு சொல்லியே காலத்த ஓட்டுனாங்க, பாதிப் பேர் ஃபுல் ஃப்ரேம் வாங்கிட்டுப் போயிட்டாங்க, நிக்கானும் அதத்தான் எதிர்பாத்துச்சோ என்னமோ.

சோனிலயும் அதே. ஈ மவுன்ட் பிறந்தது 2010, ஏபிஎஸ்-சிக்கு சோனியே செஞ்ச எஃப் 2.8 ஸ்டாண்டர்ட் ஜூம், அந்த 16-55, வந்தது 2019. ஒன்பது வருஷம்! அது வரைக்கும் ஃபுல் ஃப்ரேமுக்கு ஜி மாஸ்டர்ங்குற உயர்தர லென்ஸ் வரிசையா வந்துக்கிட்டே இருந்துச்சு. ஏபிஎஸ்-சி பாடில ஏ6600-க்கும் ஏ6700-க்கும் நடுவுல நாலு வருஷம். பானசோனிக்ல ஜி9 2017 கடைசியில, ஜி9 ரெண்டு 2023 செப்டம்பர்ல, கிட்டத்தட்ட ஆறு வருஷம். அதுலயும் பாருங்க, பானசோனிக் ஆட்டோஃபோகஸ பேஸ் டிடெக்ஷன்ங்குற வேகமான முறைக்கு மாத்துனப்போ அது முதல்ல வந்தது 2023 ஜனவரியில ஃபுல் ஃப்ரேம் எஸ்5 ரெண்டுலதான், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் ஜி9 ரெண்டுக்கு எட்டு மாசம் கழிச்சு, அதுவும் எஸ்5 ரெண்டோட அதே பாடி அச்சுல. அண்ணன் சட்டைய தம்பிக்குப் போட்டு விட்ட மாதிரி. சின்ன சென்சாரோட மொத்த அழகே சின்ன பாடிதான், அத ஃபுல் ஃப்ரேம் சைஸ்ல குடுத்தா என்ன பண்றதுனு ஒரு கூட்டம் கேட்டது நியாயம். அதே சமயம் அச்சு ஒண்ணா இருந்ததாலதான் அந்தக் கேமராவே வந்துச்சுன்னும் பாக்கலாம், நான் இந்த ரெண்டாவது கட்சி.

லைக்கா இன்னும் மோசம். அவங்க எல் மவுன்ட் 2014-ல லைக்கா டிங்குற ஏபிஎஸ்-சி கேமராவுலதான் முதல்ல வந்துச்சு, மறு வருஷம் அதே மவுன்ட்ல ஃபுல் ஃப்ரேம் எஸ்எல். பெரியவன் வளந்ததும் அந்த ஏபிஎஸ்-சி வரிசையையே மூடிட்டாங்க. மவுன்ட் ஒண்ணுதான், வளையம் அதேதான், ஆனாலும் கதவு சாத்தியாச்சு.

அப்புறம் லென்ஸ் லிஸ்ட். சின்ன சென்சாருக்குனே கம்பெனி செஞ்ச எஃப் 2 அல்லது அதுக்கு மேல வெளிச்சமான பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) எத்தனனு எண்ணுங்க, வைட் ஒண்ணு, நார்மல் ஒண்ணு, போர்ட்ரெய்ட் ஒண்ணு, இந்த மூணாச்சும் இருக்கணும். இல்லேன்னா கம்பெனி உங்கள கேமராவோட சேந்து வர்ற கிட் லென்ஸ் வாடிக்கையாளரா மட்டும்தான் பாக்குதுனு அர்த்தம், கொஞ்ச நாள்ல நீங்களே ஃபுல் ஃப்ரேமுக்கு ஏறுவீங்கனு காத்திருக்காங்க. "ஃபுல் ஃப்ரேம் லென்ஸையே மாட்டிக்கலாமே"ம்பாங்க. மாட்டலாம், ஆனா 24-70 ஏபிஎஸ்-சில 36-105 ஆயிடும், வைட் பக்கம் போச்சு, எடை மட்டும் முழுசா இருக்கும்.

இதுல வெளி கம்பெனிகள உள்ள விடுறாங்களாங்குறது பெரிய விஷயம். சோனி ஏபிஎஸ்-சிய உண்மையில காப்பாத்துனது சிக்மாவும் டாம்ரானும்தான், சிக்மாவோட 16, 30, 56 எஃப் 1.4 மூணும் இல்லாம ஏ6000 வரிசைய நினைச்சே பாக்க முடியாது. கேனான் ஆர்எஃப்ல கதவ இறுக்கிப் பூட்டி வச்சிருந்துட்டு 2024-லதான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் ஏபிஎஸ்-சி லென்ஸுக்கு மட்டும் வழி விட்டாங்க. தானும் செய்யாம அடுத்தவனையும் செய்ய விடாம ரெண்டு வருஷம்.

தாண்டிக் குதிச்சவங்களையும் நின்ன இடத்துல நின்னவங்களையும் பாருங்க

ஃபூஜி எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம். 2012-ல எக்ஸ் ப்ரோ 1, எக்ஸ் மவுன்ட், சுத்தமான ஏபிஎஸ்-சி, அதுக்குனே பிரைம் லென்ஸ் வரிசையா செஞ்சாங்க. எல்லாரும் ஃபுல் ஃப்ரேம் எப்பனு கேட்டுக்கிட்டே இருந்தாங்க, அவங்க 2016-ல ஜிஎஃப்எக்ஸ்னு மீடியம் ஃபார்மட் அறிவிச்சு ஃபுல் ஃப்ரேமத் தாண்டியே குதிச்சுட்டாங்க. அந்த சென்சார் 43.8 × 32.9. பெருக்கிப் பாத்தா ஏபிஎஸ்-சிய விட கிட்டத்தட்ட 4 மடங்கு. இந்த 4 எங்கயோ பாத்த நம்பரா இருக்கா? மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கும் ஃபுல் ஃப்ரேமுக்கும் இருக்குற அதே இடைவெளி. ரெண்டு வரிசைக்கும் நடுவுல 4 மடங்கு இருந்தா ஒண்ண ஒண்ணு தின்னாது, எக்ஸ் வாங்க வந்தவன் ஜிஎஃப்எக்ஸ் வாங்கிட்டுப் போக மாட்டான். ஏபிஎஸ்-சிக்கும் ஃபுல் ஃப்ரேமுக்கும் 2.4 மடங்குதான், விலையும் பக்கம் பக்கம், அங்கதான் ஒரே வீட்டுக்குள்ள அடிதடி.

அப்ப பானசோனிக்குக்கும் அதே 4 மடங்கு இடைவெளி இருந்துச்சே, அவங்க ஏன் திணறுனாங்கனு கேப்பீங்க. ஃபூஜி போன தெருவுல கடை கம்மி, பானசோனிக் போன தெருவுல கேனான், நிக்கான், சோனி மூணு பேரும் ஏற்கனவே பந்தல் போட்டு உக்காந்திருந்தாங்க. அதோட முதல்ல வந்த ஃபுல் ஃப்ரேம் எஸ்1 ஒரு கிலோ எடை, பேஸ் டிடெக்ஷனும் இல்ல, லேசான கேமராவுக்குப் பழகுன தன் ஆளுங்களையே கூட்டிட்டுப் போக முடியல. 2020-ல எஸ்5 714 கிராம்ல வந்தப்புறம்தான் ஆட்டம் கொஞ்சம் சூடு பிடிச்சுது.

நின்ன இடத்துலயே நின்னவங்க கதையும் இருக்கு. ஒலிம்பஸ் கடைசி வரைக்கும் ஃபுல் ஃப்ரேம் பக்கம் போகல, மூணு வருஷம் தொடர்ந்து நஷ்டம்னு சொல்லி 2020-ல கேமரா பிரிவ விக்கிறதா அறிவிச்சு, 2021 ஜனவரியில அது கை மாறிப் போச்சு. "பாத்தியா, ஃபுல் ஃப்ரேம் விடாததால போச்சு"ம்பாங்க. விட்டிருந்தா நஷ்டம் இன்னும் சீக்கிரம் வந்திருக்கும்னும் சொல்லலாம், ரெண்டையும் நிரூபிக்க முடியாது. ஆனா புது முதலாளி கையில ஓஎம்-1 2022-ல வந்துச்சு, பறவை எடுக்குறவங்க அத இன்னும் கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் திரியுறாங்க.

காத்திருக்குறதப் பத்தி ஒரு வார்த்தை. பென்டாக்ஸ் 2000-த்துலயே ஒரு ஃபுல் ஃப்ரேம் டிஜிட்டல் மாதிரிய காட்டுச்சு, 2001-ல செலவு தாங்கலனு கைவிட்டுச்சு. அப்புறம் கே-1 வந்தது 2016-ல. அருமையான கேமரா, 36 மெகாபிக்சல், பழைய கே மவுன்ட் லென்ஸ் எல்லாம் ஏறும், ஏபிஎஸ்-சி லென்ஸையே முழு சென்சார்ல வச்சுப் பாக்க ஒரு செட்டிங் கூட உண்டு. 2018-ல கே-1 ரெண்டு வந்தப்போ பழைய கே-1-ஐ அனுப்பினா உள்ள போர்ட மாத்தித் தர்ற வேலையும் செஞ்சாங்க, அந்த மாதிரி மரியாதை வேற எந்த கம்பெனியும் குடுத்து நான் பாக்கல. ஆனா பதினஞ்சு வருஷம்! அதுக்குள்ள கல்யாணம் ஆகி பிள்ள பெத்து பிள்ளைக்குக் கேமரா வாங்கிக் குடுத்துடலாம்.

சரி, இறங்கணுமா வேணாமா

என் கணக்கு இது. மவுன்ட்ல இடம் இருந்து, வெளி லென்ஸ் கம்பெனிகளுக்குக் கதவும் திறந்திருந்தா தாராளமா இறங்கலாம், சின்ன லைன் கொஞ்சம் இளைக்கும், ஆனா சாகாது. மவுன்ட்ல இடம் இல்லேன்னா கூட்டாளி கிடைச்சா மட்டும் இறங்கலாம், தனியா இறங்குனா அரசன நம்பி புருஷனக் கைவிட்ட கதைதான். ஏற்கனவே சின்ன சென்சாருக்கு முழு லென்ஸ் வரிசை இருக்குற கம்பெனின்னா, ஃபூஜி மாதிரி, இறங்காம இருக்குறதுதான் அவங்க பலமே. அவங்க நாளைக்கே 36 × 24-ல ஒண்ணு விட்டா நான் சந்தோஷப்பட மாட்டேன், என்கிட்ட இருக்குற லென்ஸுக்கு அடுத்த வெர்ஷன் வராதுனு பயப்படுவேன்.

கம்பெனி என்ன பண்ணும்ங்குறது நம்ம கையில இல்ல, நம்ம பர்ஸ் நம்ம கையில. அதுக்கு ஒரு வேலை செய்ங்க. போன ஒரு வருஷத்துல நீங்களே பிடிச்சுப் போய் வச்சிருக்குற படம், குப்பை இல்ல, நல்ல படம் ஒரு இருநூறு எடுங்க. லைட்ரூம், டார்க்டேபிள் மாதிரி ஒரு சாஃப்ட்வேர்ல போட்டு ஐஎஸ்ஓ வாரியா, ஃபோகல் லென்த் வாரியா பிரிங்க. ஐஎஸ்ஓ 3200-க்கு மேல எத்தன, லென்ஸ முழுசா திறந்து எடுத்தது எத்தன, டெலி முனையில முட்டி நின்னது எத்தன. முதல் ரெண்டும் பாதிக்கு மேல இருந்தா நீங்க ஃபுல் ஃப்ரேம் ஆள்தான், உங்க கம்பெனி விடுமானு காத்திருக்காதீங்க, ஏற்கனவே விட்டவன் கடைக்குப் போங்க. மூணாவது பாதிக்கு மேலன்னா சின்ன சென்சார விட்டு நகராதீங்க. எதுவுமே பாதி வரலேன்னா ஒரு எஃப் 1.4 பிரைம் வாங்கிட்டு இந்தக் கேள்விய ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க.

நான் திரும்பி வந்தப்புறம்தான் இந்தக் கணக்கப் போட்டேன், முன்னாடியே போட்டிருந்தா ஒரு பாடி, ரெண்டு லென்ஸ் காசு மிச்சம். இருநூத்துல 3200-க்கு மேல இருந்தது பதினேழு. அதுல பதினொண்ணு எங்க வீட்டுப் பூனை.